குழாய்ச் சத்தம்

அத்தியாயம் பதினேழு

"டிவில அழுதது யாருடி?"

காலை ஏழேகாலுக்கு வந்த ஃபோனில் அக்கா எழுந்துவிட்டாயா என்றும் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. நேராகக் கேள்விக்கு வந்துவிட்டாள்.

தங்கை அடுப்பில் பால் வைத்திருந்தாள். கண் பாலிலும் காது மகளின் அறைக் கதவிலுமாக நின்றிருந்தவளுக்கு உடனே பிடிபடவில்லை.

"எந்த டிவில?"

"உன் சீரியல்லதான். பாதிக் கூரை. இன்னைக்கு வரப்போற எபிசோடுக்கு நேத்து சாயந்திரத்துலேருந்து ப்ரோமோ போட்டுட்டே இருக்கான். அந்தப் பொண்ணு பாத்ரூம் கதவைச் சாத்திட்டு உள்ள அழறா. வெளிய அம்மாக்காரி நிக்கிறா."

"நான்தான்க்கா அழுதேன். வேற யாரு?"

"நீ அழுதா எனக்குத் தெரியாதா? நாப்பத்தொரு வருஷமா நீ அழறதைக் கேட்டுட்டு இருக்கேன். நீ மூக்காலதான் அழுவே. இது நீ இல்ல."

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கக் கை நீளவில்லை.

"இது நம்ம ரேடியோடி," என்றாள் அக்கா. "அவ என்ன சொல்றானு நீ கேட்டியா இல்லையா?"

"என்ன சொல்றா?"

"என் வாயால சொல்லமாட்டேன். நீயே போட்டுக் கேளு." அக்கா ஃபோனை வைத்துவிட்டாள். இரண்டு வருடமாகத் தினமும் சீரியல் முடிந்ததும் கூப்பிட்டு அரை மணி நேரம் அலசுகிறவள், முதல் முறையாக இரண்டே நிமிடத்தில் வைத்தாள்.

ரேடியோ என்பது தங்கையின் மகள். பதினான்கு வயது. ஒன்றரை வயதில் திறந்த வாயைப் பன்னிரண்டு வயதுவரை மூடவில்லை. குளிக்கும்போதும் பேச்சு, தூங்கும்போதும் பேச்சு. 'இதுக்கு ஆஃப் பட்டனே வெக்கலையா?' என்று கேட்டு அந்தப் பெயரை வைத்தவள் பெரியம்மாதான். அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு போன அன்று, பட்டன் இருப்பது தெரிந்துபோயிற்று.

தாயோ குரல் கொடுத்துப் பிழைப்பவள். அடுக்கு மாடியில் அவளுக்கு 'டப்பிங்கம்மா' என்று பெயர். 'பாதிக் கூரை' சீரியல், ஒற்றைப் பெற்றோர் வளர்க்கும் நான்கு வீடுகளின் கதை. ஒரு வீட்டுப் பிள்ளை திருடுகிறான், ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறான். மூன்றாவது வீட்டில் ஒரு பதினான்கு வயதுப் பெண், தாயைக் கண்டாலே எரிந்து விழுகிறாள். அந்தப் பெண்ணாக நடிப்பவளுக்கு மொழி தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி வாயசைப்பாள். அந்த உதடுகளுக்குள் வாரத்தில் நான்கு நாள் டப்பிங்கம்மா தன் குரலை ஊற்றுவாள். கதையில் வரும் தாயை, மகளின் குரலில் விதவிதமாகத் திட்டுவாள்.

அந்தக் குரலை அவள் எங்கிருந்தும் வரவழைக்கவில்லை. வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்ன விக்கல், கோபம் வந்தால் எகிறுவதற்குப் பதிலாக இறங்கிப்போகும் சுருதி. எல்லாம் வீட்டிலிருந்தே எடுத்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. முந்தைய அத்தியாயத்தில் வந்த அதை நாம் மறந்திருக்க மாட்டோம். அவள்தான் மறந்துவிட்டவள் போலப் பத்து நாளாக நடமாடிக்கொண்டிருந்தாள்.

அன்று ரேடியோ அப்பா வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீருக்கு அடியிலிருந்து அழுகை வந்தது. தாய் கதவருகே போனாள். தட்டுவதற்குத்தான் கையைத் தூக்கினாள். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் அந்தக் கையில் ஃபோன் இருந்தது.

மறுநாள் டப்பிங்கில் அதே காட்சி. சாத்திய கதவு, உள்ளே அழும் பெண். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் கொடுத்த ஆறு டேக்கையும் இயக்குநர் ஒதுக்கித் தள்ளியிருந்தார். "இது நடிப்பு அழுகைம்மா. எனக்கு அழுகை வேணும்."

அவள் கதவைத் தட்டவில்லை. பதிவு பட்டனைத் தட்டினாள்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. ஒலிப்பதிவாளருக்கு அனுப்பினாள். மாதிரிக்கு, ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பேச. மறுநாள் அப்படியே பேசினாள். இயக்குநர் ஒப்புக்கொண்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்திருந்தாள்.

அக்கா ஃபோனை வைத்ததும் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். மகளுக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டாள். காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு ப்ரோமோவைத் தேடி எடுத்தாள்.

தன் குரல் இல்லை. அது தெரிய ஒரு விநாடிகூட ஆகவில்லை.

மூக்கு உறிஞ்சல். மூச்சு. பிறகு, பளிங்கு போலத் தெளிவாக, அந்த விக்கலோடு: "என்கூட வர்றியானு ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்லப்பா."

ஞாயிற்றுக்கிழமை கதவுக்கு வெளியே இந்த வரி அவளுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் மறைத்துவிட்டது. தன் மகள் என்ன சொல்லி அழுதாள் என்பதை, ஊரெல்லாம் கேட்ட பிறகு, பன்னிரண்டு விநாடி விளம்பரத்தில் அவள் கேட்டாள்.

அடுத்த மாதம் ரேடியோவின் அப்பா தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றலாகிப் போகிறார். அது அவளுக்குத் தெரியும். மகளுக்கு அது பெரிதாகப் படவில்லை என்றே நினைத்திருந்தாள். நினைப்பதற்கு அது வசதியாக இருந்தது.

இன்னொன்றும் உள்ளே குத்தியது. அந்த அழுகை முழுவதிலும் 'அம்மா' என்ற சொல்லே இல்லை. அதற்காக வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டதற்காக வெட்கப்பட்டாள்.

வெளியே வந்தபோது ரேடியோ சீருடையோடு சாப்பாட்டு மேசையில் இருந்தாள். ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடு, என்றது உள்ளே ஒன்று. இப்போதே சொல்லிவிடு.

"என்னம்மா?" என்றாள் ரேடியோ. "ஏதாவது சொல்லணுமா?"

அவளாக வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"இல்ல... மதியத்துக்கு முட்டை வெச்சிருக்கேன்."

ரேடியோ அவளையே பார்த்தாள். பிறகு பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஷூ கயிற்றைக் கட்டினாள். அவிழ்த்துவிட்டு இன்னொரு முறை கட்டினாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வழிந்த பால் அடுப்பைச் சுற்றிக் காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

*

ஒலிப்பதிவுக்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. உள்ளே கால் வைத்ததும் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும்.

ஒலிப்பதிவாளரை அங்கே எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்து அறையில் யாராவது பேனாவைக் கீழே போட்டால், மூடி போட்டு விழுந்ததா மூடி இல்லாமல் விழுந்ததா என்று சொல்லக்கூடியவன். ஒன்பது வருடப் பழக்கம். அவளை அக்கா என்பான்.

"வாங்கக்கா! ப்ரோமோ பாத்தீங்களா? பிச்சு உதறிட்டீங்க. என் பொண்டாட்டி நேத்து டிவி முன்னாடி உக்காந்து மூக்கைச் சிந்திட்டு இருக்கா. அக்காதான் அழறாங்கன்னு சொன்னா நம்பமாட்டேங்கிறா."

"நான் திங்கக்கிழமை பேசினதைத்தானே போட்டே?"

"இல்லக்கா. நீங்க வீட்டுலேருந்து ஃபோன்ல அனுப்பினீங்களே, ஒத்திகை. அதைத்தான். சார் ரெண்டையும் கேட்டாரு. ஒத்திகையில இருக்குற உயிர் டேக்ல இல்லைன்னுட்டாரு. அந்த வரி வேற! வசனகர்த்தா எழுதவே இல்ல. அக்கா சொந்தமா சேத்துட்டாங்கன்னு சார் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காரு."

அவள் ஒத்திகையை வீட்டிலிருந்து அனுப்புவது வழக்கம்தான். 'மாதிரிக்கு' என்று அவள் எழுதியதை அவன் அப்படித்தான் படித்திருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஊரிலேயே கூர்மையான காது அவனுடையது. ஆனால் இரண்டு வருடமாக அவள் அந்தக் காதுக்குப் பழக்கியிருந்தது ரேடியோவின் குரலைத்தான். அசல் வந்தபோது அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"அதை எடுத்துடு," என்றாள். "மூச்சு சரியில்ல. வேற பேசித் தர்றேன்."

"மூச்சு சரியில்லையா? அக்கா, அந்த மூச்சுக்குத்தான்..."

கதவு திறந்தது. இயக்குநர் ஃபோனைக் காதில் வைத்தபடியே வந்து, அவளைப் பார்த்ததும் அதை இறக்கினார்.

"உன்னைப் பத்திதான்மா பேசிட்டு இருந்தேன். பதினாலு வயசுப் பொண்ணுக்கு எதுக்கு நாப்பது வயசுக் குரல், ஒரு காலேஜ் பொண்ணைப் போடலாம்னு ரெண்டு மாசமா சேனல்ல என்னைப் போட்டுப் பிராண்டினாங்கல்ல? நேத்து இதைப் போட்டுக் காட்டினேன். வாயே திறக்கலை. இந்த சீரியல் முடியற வரைக்கும் நீதான்."

"நன்றி சார்."

அது அவள் வாயிலிருந்துதான் வந்தது. வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. இயக்குநர் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படப்பிடிப்புக்குக் கிளம்பிப் போனார்.

காது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினான். அவள் எடுக்கவில்லை. இரண்டு வருடம் மகளின் வாயில் தாயைத் திட்டிச் சம்பாதித்தது போதாதென்று, இப்போது மகளின் அழுகையில் வேலையையும் உறுதி செய்துகொண்டாயிற்று. நாற்காலியின் கைப்பிடியில் உரிந்திருந்த ரெக்ஸினை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்," என்றான் காது, பிஸ்கட்டை மென்றபடி. "அந்தப் பதிவுல கடைசியில ஒரு சத்தம் இருந்துச்சு. யாரோ வெறுங்கால்ல நடந்து போறாங்க. ஆறு அடி. வெட்டிட்டேன். ஆனா கணக்கு உதைக்குது. நீங்க உள்ள அழுதுட்டு இருக்கீங்க. அழுகை நிக்கலை. அப்ப வெளிய நடந்து போனது யாருக்கா?"

பஞ்சுச் சுவர்கள் எல்லாச் சத்தத்தையும் குடித்துவிட்டிருந்தன. அவளுடைய கைக்கடிகாரத்தின் முள் நகர்வது அவளுக்குக் கேட்டது.

"நடந்து போனது நான்," என்றாள். "அழுதது நான் இல்ல."

காது மெல்லுவதை நிறுத்தினான்.

 கழுத்தில் கிடந்த ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, மேசையில் வைத்தான். பிறகு திரையில் இருந்த அலைக்கோடுகளைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"பாப்பாவா?"

"ம்."

"அவளுக்குத் தெரியுமா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"ரெண்டு நாள் அதைத் துடைச்சேன்க்கா. குழாய்ச் சத்தத்தை மட்டும் பிரிச்சு எடுக்கிறதுக்கு. அந்த வரி தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்துச்சு. எழுத்து எழுத்தா வெளிய எடுத்தேன். எடுத்துட்டு, அடடா என்ன மாதிரி நடிச்சிருக்காங்கன்னு எனக்கு நானே கை தட்டிக்கிட்டேன்." பிஸ்கட் பாக்கெட்டை மடித்து ஓரமாக வைத்தான். "சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"எனக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

"பதிவு பண்ணும்போது தெரியும்ல?"

 ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவன் அவளிடம் அந்தத் தொனியில் பேசியிருந்தான். அவன் திட்டியது ஏனோ கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுகூட இருந்தது.

"எத்தனை மணிக்கு எபிசோடு போகணும்?"

"நாலு."

"மணி பதினொண்ணு. நான் பேசித் தர்றேன்."

உள்ளறைக்குப் போனாள். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் சாத்திய கதவு. கதவுக்கு வெளியே, கையைத் தூக்கியபடி, சீரியலின் தாய். நடிகைக்குத் தட்டுவதா வேண்டாமா என்ற தவிப்பு முகத்தில் நன்றாகவே வந்திருந்தது. அவள் கையில் ஃபோன் இல்லை.

முதல் டேக். மூக்கு உறிஞ்சல், மூச்சு, விக்கல். பாதியில் அவளே நிறுத்தினாள்.

இரண்டாவது. நிறுத்தினாள்.

மூன்றாவது டேக் முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது தலையைக் குனிந்துகொண்டான். "அழ வரலையாக்கா?" என்றான் ஒலிபெருக்கியில், தணிந்த குரலில்.

"வருது," என்றாள். "அதான் கஷ்டமா இருக்கு."

வந்தது. அச்சு அசலாக வந்தது. பத்து நாளாக அந்த இரண்டு நிமிடம் நாற்பது விநாடியை எத்தனையோ முறை கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் மூச்சு தடுக்கும், எந்த இடத்தில் தொண்டை அடைக்கும் என்று உருப்போட்டு வைத்திருந்தாள். வாயைத் திறந்தாலே மகள்தான் அழுதாள். பதிவிலிருந்து எடுத்ததைத் தொண்டையிலிருந்து கொடுத்தால் மட்டும் அது திருட்டு இல்லை என்று ஆகிவிடுமா?

மைக் முன்னால் வெறுமனே நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. காது பதிவை நிறுத்தவும் இல்லை, அவளைக் கூப்பிடவும் இல்லை.

"அழுகையே வேண்டாம்," என்றாள் கடைசியில். "குழாய்ச் சத்தத்தை மட்டும் வை."

"சீன் நாப்பது விநாடி. முழுக்க வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணி. வெளிய நிக்கிறவளுக்கு அதுதான் கேக்கும்."

காது யோசித்தான். "பிரிச்செடுத்த குழாய்ச் சத்தம் தனியா இருக்கு. ஆனா அதுவும் உங்க வீட்டுக் குழாய். அதை வெக்க மனசு வரலை. என்கிட்ட வேற குழாய் இருக்கு, அதைப் போடறேன்."

சிரிக்க வேண்டிய இடம்தான். இருவருக்கும் வரவில்லை.

"சாருக்கு என்ன சொல்றது?" என்றான்.

"நான் சொல்றேன்."

மாடிப்படி முனையில் நின்று கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் இயக்குநர் எடுத்தார். பின்னால் யாரோ விளக்கை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சார், அந்த அழுகை என்னோடது இல்ல. என் பொண்ணோடது. அவளுக்குத் தெரியாம எடுத்தது. அதைத் தூக்கிட்டேன் சார், இப்ப. வெறும் தண்ணிச் சத்தம்தான் இருக்கு."

மறுமுனையில் கத்தல் தேய்ந்தது. அவர் நடந்து தள்ளிப் போயிருக்க வேண்டும்.

"ப்ரோமோவை ஊரே பாத்தாச்சும்மா."

"தெரியும் சார். அதையும் எடுக்கச் சொல்லணும்."

"அது என் கையில இல்ல. கேட்டுப் பாக்கறேன்." அவர் எதன்மேலோ உட்காரும் சத்தம் கேட்டது. "எனக்கும் ஒரு பையன் இருக்கான். அவனை இப்படி எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பான்னு யோசிக்கிறேன். வேற ஒண்ணும் யோசிக்க முடியலை."

"சார்..."

"நாலு மணிக்குள்ள அனுப்பச் சொல்லு. நாளைக்கு நீ வர வேண்டாம். அந்தக் காலேஜ் பொண்ணை வரச் சொல்றேன். கோவத்துல சொல்லலைம்மா. இனிமே நீ அந்தக் குரல்ல பேசினா எனக்கு உன் பொண்ணுதான் கேக்கும்."

அவளுக்கும் அப்படித்தான். அதைச் சொல்வதற்குள் அவர் வைத்துவிட்டார்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. பேருந்தில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. எந்த வார்த்தையில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது. மூன்றாவது நிறுத்தத்தில்தான் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. இதற்குமா ஒத்திகை? அதோடு விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். எதிரே ரேடியோ, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சீருடைகூட மாற்றாமல். அம்மா பேசும் சீரியலைப் பார்ப்பதில்லை என்பது இரண்டு வருடமாக அவளுடைய கொள்கை. 'வீட்டுல திட்டு வாங்கறது பத்தாதா, டிவிலயும் என் குரல்ல உனக்குத் திட்டு வேணுமா?' என்று ஒரு நாள் கேட்டிருந்தாள்.

அடுப்பைச் சுற்றிக் காய்ந்திருந்த பாலை யாரோ துடைத்திருந்தார்கள்.

அவள் பையைக்கூட இறக்காமல் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஏழு மணி ஆகட்டும்," என்றாள் ரேடியோ, டிவியைப் பார்த்தபடி.

தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் இந்தத் தடவை நிறுத்தக் கூடாது.

"இல்ல. ஏழு மணிக்கு முன்னாடி சொல்லணும். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை நீ உள்ள அழுதுட்டு இருந்தப்ப நான் அதைப் பதிவு பண்ணேன். ஃபோன்ல. வேலைக்கு. ப்ரோமோல வர்றது நீ. நான் இல்ல."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நேத்து சாயந்திரம். டியூஷன்ல பக்கத்துல இருக்குறவ ஃபோன்ல காட்டினா. உங்கம்மா சூப்பரா அழுதிருக்காங்கடின்னா. ஆமான்னேன்."

"ஆமான்னியா?"

"வேற என்ன சொல்றது? நான்தான் அழுதேன்னா?"

வெளியே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். 

"காலையில ஏன் கேக்கலை நீ?"

"கேட்டேனே. ஏதாவது சொல்லணுமான்னு." ரேடியோ இப்போதுதான் திரும்பினாள். "முட்டை வெச்சிருக்கேன்னே."

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். மன்னித்துவிடு என்பதைக்கூட இந்தத் தொண்டை எத்தனையோ சீரியலில் சொல்லியிருக்கிறது, அழுதும் அழாமலும். எந்தக் குரலில் சொன்னால் இவள் நம்புவாள்? ஒன்றும் தோன்றாமல், இருக்கிற குரலில் சொன்னாள்.

"தப்பு பண்ணிட்டேன்."

ரேடியோ பிய்ந்திருந்த சாக்ஸின் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்படியே ஏழு மணியானது.

ரேடியோவே சத்தத்தைக் கூட்டினாள். திருடும் பையன் வந்து போனான். விளம்பரம். பிறகு அந்தக் கதவு. கதவுக்கு வெளியே தூக்கிய கையோடு அந்தத் தாய்.

தண்ணீர் கொட்டியது. அவ்வளவுதான். அழுகை இல்லை, வரி இல்லை. நாற்பது விநாடி தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்த நடிகையின் முகத்தில் இத்தனை இருக்கிறது என்று இதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது.

அவள் டிவியைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். ரேடியோ தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது நம்ம வீட்டுக் குழாய் இல்ல," என்றாள்.

"ஆமா. வேற."

"எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்."

"அவங்க விட்டாங்களா?"

"விட்டாங்க. நாளையிலேருந்து அந்தப் பொண்ணுக்கு வேற ஒருத்தங்க பேசுவாங்க."

ரேடியோ டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். பாவம் என்றும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. கையை நீட்டினாள்.

"ஃபோனைக் கொடு."

அழிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்தாள். ரேடியோ பதிவைத் தேடி எடுத்து, காதில் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடினாள்.

இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. எந்த விநாடியில் எது வரும் என்று தாய்க்கு மனப்பாடம். அந்த முகத்தில் ஒவ்வொன்றும் வந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகலாம் போல இருந்தது. போகவில்லை. போன தடவை போனது போதும்.

கடைசியில் ரேடியோவின் புருவம் சுருங்கியது. விரலால் பின்னுக்குத் தள்ளி, கடைசிப் பகுதியை மறுபடி கேட்டாள்.

"இது யாரு நடக்கிறது?"

"நான்."

"அதுவரைக்கும் அங்கயே நின்னியா? முழுசா?"

"ம்."

"தட்டியிருக்கலாம்லம்மா."

'லாம்ல' என்ற இடத்தில் அதே விக்கல். அப்பாவிடம் சொன்னதும் இதே மாதிரிதான். பத்து நாளுக்குப் பிறகு தனக்கும் ஒரு வரி கிடைத்துவிட்டது. அதுவும் இதே வரி.

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ரேடியோவின் கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

'ரேடியோ அப்பா.'

எட்டு மாதமாக அந்த எண்ணிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்ததில்லை. எதுவானாலும் இரண்டு வரிச் செய்திதான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரேடியோ ஃபோனை அம்மாவிடம் நீட்டினாள். பாதி வழியில் கை நின்றது.

"பாத்துட்டாரு போல," என்றாள். பிறகு மெதுவாக, "நீதான் அழுதேன்னு மட்டும் சொல்லிடாதம்மா. சீரியலுக்காகப் பேசினேன்னு சொன்னா அவரு நம்பிடுவாரு. அதோட முடிஞ்சுடும்."

அவள் ஃபோனை வாங்கிப் பச்சைப் பட்டனை அழுத்தினாள். ஒலிபெருக்கியைப் போட்டு, இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

"ஹலோ?" தொண்டையைச் செருமும் சத்தம். எட்டு மாதம் கழித்தும் அந்தச் செருமல் மாறவில்லை. "நான்தான். இங்க ஆஃபீஸ்ல ஒருத்தர் டிவியில... ஒரு ப்ரோமோ காட்டினாரு. உன் சீரியல்தானே?" நிறுத்தினார். "அதுல அழுதது யாரு?"

அவளுக்குத் தெரிந்த குரல்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றையும் எடுக்கவில்லை.

"அவ இங்கதான் இருக்கா," என்றாள். "நீங்களே கேளுங்க."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

ரேடியோ எட்டி டிவியை அணைத்தாள். வீடு அமைதியாயிற்று. தரையில் கிடந்த ஃபோனை அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

பிறகு ரேடியோ வாயைத் திறந்தாள்.